தலை காயும் நேரம்

ஈரத்தலை காய எவ்வளவு நேரம் ஆகும், சொல்லுங்க பார்க்கலாம்? ஐந்து வயசுப் பிள்ளையின் தலை. நீளம் தோளுக்குக் கீழே நாலு விரல்தான், ஆனால் அடர்த்தி என் தலையைவிட இரண்டு பங்கு. வெயிலில் நிறுத்தி விரலால் கோதிவிட்டால் கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். இங்கே வெயில் இல்லை. இது ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி வராந்தா. மேலே ஒரு ஃபேன் ஓடுகிறது, ஓடுகிறது என்று மரியாதைக்குச் சொல்கிறேன், இறக்கை மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கலாம். எதிரே மூடிய கதவு, அதற்குப் பின்னால்தான் தலையெல்லாம் ஒயர் ஒட்டி மூளையில் ஓடுகிற அலையைப் படம் பிடிக்கிற மிஷின் இருக்கிறது. பதினொரு மணிக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். என் மகள் வர்ணிகாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன், ரோஸ்லின் என்கிற நர்ஸம்மா வர்ணியின் உச்சந்தலையில் இரண்டு விரலை வைத்து எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். விரல் மினுமினு என்றது. தேங்காய் எண்ணெய். எண்ணெய்த் தலையில் ஒயர் ஒட்டாதும்மா, போன வாரம் எத்தனை தடவை சொன்னேன் என்றார். மூன்று தடவை சொன்னார், அதை நான் வீட்டில் முப்பது தடவை சொன்னேன். நேற்று நானே சீயக்காய் போட்டு நறநற என்று அலசிவிட்டேன். விடிகாலை நான் இட்லிக்குத் துணி நனைத்துக்கொண்டிருந்த அந்தப் பத்து நிமிஷத்தில்தான் அது நடந்திருக்க வேண்டும். யார் வைத்தது என்று கேட்காதீர்கள், அதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன். பன்னிரண்டுக்குள் காய்ந்தால் எடுக்கிறேன், இல்லாவிட்டால் அடுத்த தேதி ஒன்றரை மாசம் கழித்துத்தான் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். ஓடினேன். எதிர்க்கடையில் ஷாம்பு பாக்கெட், கீழே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குழாய், மக்குக்குப் பதில் டிபன் பாக்ஸ் மூடி. வர்ணி குழாயடியில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, படியில நிக்காதே, படியில நிக்காதே என்று கத்தினாள். தண்ணீர் பிடிக்க வந்த ஒரு அம்மா படி எங்கே என்று சுற்றும் முற்றும் பார்த்தார்.

படி இல்லை. அது எங்கள் ஊர் டவுன் பஸ் கண்டக்டர் சொல்வது. வர்ணிக்குப் பயம் வந்தால் அதைத்தான் சொல்வாள். ஒரு நாள் பஸ் பிரேக் போட்டபோது கண்டக்டர் அதைக் கத்தினார், இவள் அன்றைக்குப் பயந்தாள், பயமும் அந்த வார்த்தையும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன, அவ்வளவுதான். சந்தோஷம் என்றால் ரைட் ரைட். கட்டிப் பிடித்துக்கொள் என்றால் உள்ள போ, உள்ள போ. போதும், நிறுத்து என்றால் ஆள் எறங்கணும். மூன்று வயசு வரை பேச்சே இல்லாத பிள்ளை முதல் முதலில் பேசியது ரைட் ரைட்தான், அதுவும் கேசரி வாயில் இருக்கும்போது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து அடுப்பில் இருந்த கேசரி அடி பிடித்தது. இந்த அகராதி முழுசும் என் தலைக்குள்தான் இருக்கிறது. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அங்கன்வாடி டீச்சருக்குப் பாதி தெரியும். நான் நாளைக்கு ஒரு லாரியில் அடிபட்டால், படியில நிக்காதே என்று இவள் கத்துகிறபோது யார் வந்து தூக்குவார்கள், படி எங்கே என்று தேடுவார்கள் இல்லையா. எழுத வேண்டும். ஒரு நோட்டு வாங்கி எழுத வேண்டும், கோடு போட்ட நோட்டு. சரி, முதலில் தலை. துப்பட்டாவின் காய்ந்த முனை எது, இது. கழுத்துக்கு மேலே பொடனியில் இன்னும் சொட்டுகிறது. தூங்காதே கண்ணு, இந்தா பாரு, ஃபேனைப் பாரு. தூங்கக் கூடாது, அதுதான் இன்னொரு கூத்து. உள்ளே போய் ஒயர் ஒட்டிய பிறகு இவள் தூங்க வேண்டும், தூங்கும்போதுதான் படம் சரியாக விழுமாம், அதற்காகக் கருக்கலில் நாலு மணிக்கே எழுப்பிவிட்டோம். இப்போது தூங்கிவிட்டால் அங்கே தூங்க மாட்டாள். இப்போது கண்ணைச் சொருகுகிறாள். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் பெரியவர்களுக்கே சொக்கும். நான் இவளை எழுப்பிக்கொண்டே காய வைக்க வேண்டும், காய வைத்துக்கொண்டே எழுப்ப வேண்டும். ஃபேன் எனக்கு உதவி செய்கிற மாதிரித் தெரியவில்லை.

எதற்கு இந்தப் படம் என்றால், போன மாசம் இரண்டு தடவை வர்ணி நின்ற இடத்தில் அப்படியே நின்றாள். கையில் இருந்த டம்ளர் விழுந்தது, அவளுக்குத் தெரியவில்லை. அரை நிமிஷம் இருக்கும். டாக்டரம்மா அது வலிப்பின் ஒரு ஜாதியா என்று பார்த்துவிடலாம் என்றார். மற்றது, அந்த ஆட்டிசம், அதற்குப் படம் தேவையில்லை, அதை மூன்று மாசம் முன்பே சொல்லிவிட்டார், இவளை விளையாட விட்டு, என்னை இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டு. இந்த மிஷினுக்கு அது தெரியாதாம். அப்ப அது எங்கதானுங்க இருக்கு என்று கேட்டேன். அந்த அம்மா நல்லவர், என் கேள்விக்குச் சிரிக்கவில்லை. மூளைக்குள்ள கோடிக்கணக்கான இணைப்பு இருக்கும்மா, ஒயரிங் மாதிரி, இவளுக்கு அது கொஞ்சம் வேறு விதமாகப் போயிருக்கலாம், பக்கத்துப் பக்கத்து இடங்கள் ஒன்றோடு ஒன்று நிறையப் பேசிக்கொள்ளும், தூரத்து இடங்களுக்குச் சேதி போவது குறையும், அப்படி இருக்கலாம் என்று சொல்கிறார்கள், எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் என்றும் இல்லை, உறுதியாக யாருக்கும் இன்னும் தெரியாது என்றார். டாக்டர் ஒருத்தர் தெரியாது என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். பயமாக இருந்திருக்க வேண்டும், எனக்கு என்னவோ நிம்மதியாக இருந்தது. தெரியாது என்கிறவர்களை நம்பலாம்.

ஒயரிங் என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்தது போல இருந்தது. பத்தாவது முடித்து, கல்யாணம் ஆகும் வரைக்கும் கணபதி ஏரியாவில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குக் காயில் கட்டினேன். செம்புக் கம்பி, காகிதம், மூங்கில் சிம்பு, நாள் முழுக்க விரல் நுனியில் வேலை. ஆறு பேர் பெண்கள், என் வாய்தான் அங்கே ரேடியோ. அதே கம்பி, அதே சுற்று, அதே எடை, கடைசியில் வெளியே வருகிற மூன்று முனையில் இரண்டை மாற்றிக் கொடுத்தால் போதும், மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்தும். கெட்டுப்போன மோட்டார் இல்லை அது. சூடாகாது, புகையாது, ஜோராக ஓடும். ஆனால் பம்பில் மாட்டினால் தண்ணீர் ஒழுங்காக ஏறாது. தண்ணீர் ஏறவில்லை என்றால் தோட்டக்காரருக்கு அது கெட்ட மோட்டார்தான். டாக்டரம்மா ஒயரிங் என்று சொன்ன அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் இதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன். கெட்டுப்போகவில்லை, வேறு பக்கம் சுத்துகிறது. ஜன்னலோரத்தில் வர்ணி ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள், நிறுத்தம் வருவதற்கு முன்பே. நாலாவது நிறுத்தத்தில் எனக்கு ஒன்று தோன்றியது, பட்டறையில் அப்படி வந்த மோட்டாரை நாங்கள் என்ன செய்வோம், இரண்டு நட்டைக் கழற்றி முனையை மாற்றிவிடுவோம், அரை நிமிஷ வேலை. பிள்ளையின் தலையில் நட்டு எங்கே இருக்கிறது. சந்தோஷம் பாதியில் இறங்கிப் போய்விட்டது. உதாரணம் சொல்வதற்கு நன்றாக இருக்கும், கூடவே வீட்டுக்கு வராது. தூங்காதே சாமி, அம்மா மூக்கைப் பிடி, பிடி பார்க்கலாம். ஆ, அவ்வளவு பலமாக வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. இதை யாரிடமும் கேட்கவில்லை, கேட்டால் தாயா இவள் என்பார்கள். ஒரு நட்டு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். டாக்டரம்மா நாளைக்கு ஸ்பேனரோடு வந்து, மாற்றிவிடவா துளசிமணி என்றால் நான் என்ன சொல்வேன். மாற்றுங்க என்றுதான் வாய் சொல்லும். ஆனால் எதையெல்லாம் மாற்றுவார்கள். சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து தலையை மோதிக்கொள்கிறாளே, அதை எடுத்துவிடுங்க, ஒரு நொடி யோசிக்க மாட்டேன். சோற்றில் குழம்பு பட்டால் தட்டையே தள்ளிவிடுகிறாளே, அதையும் எடுக்கலாம், எனக்குச் சோலி மிச்சம். ஆனால் கிரைண்டர் ஓடும்போது அதன் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி நிற்பாளே, முகத்தில் அப்போது ஒன்று வரும், எதிர் வீட்டில் எந்தப் பிள்ளையின் முகத்திலும் அதை நான் பார்த்ததில்லை. அது நோயா, வர்ணியா. வீட்டுக்கு ஆள் வந்தால் வாங்க என்று கேட்கமாட்டாள், நேராகப் போய் அவர்கள் முழங்கையை மோந்து பார்ப்பாள், அடுத்த தடவை வந்தால் முகத்தைப் பார்க்காமலே பேர் சொல்வாள். அது எந்தக் கணக்கில் வரும். பொய் சொல்லத் தெரியாது. அது எந்தக் கணக்கில். புளியையும் உப்பையும் கரைத்த பிறகு ரசத்திலிருந்து உப்பை மட்டும் எடு என்றால் எடுக்க முடியுமா. டாக்டரம்மாவிடம் சுற்றி வளைத்து இதைக் கேட்டேன், அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார், எல்லார் மூளையிலும் ஒயரிங் கொஞ்சம் கொஞ்சம் வேறதாம்மா, எந்த இடத்தில் குணம் முடிகிறது, எந்த இடத்தில் இது தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்ட முடியாது, அவளுக்குக் கஷ்டம் கொடுக்கிறதை மட்டும் நாம் குறைப்போம், அவளைக் குறைக்க வேண்டாம். அவளைக் குறைக்க வேண்டாம் என்றதை நான் அன்றைக்கு நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

தலை பாதி காய்ந்துவிட்டது. மேலே காய்ந்து உள்ளே ஈரம், அதுதான் ஏமாற்றும். மணி பதினொன்று நாற்பது. மடியில் ஆஸ்பத்திரியில் நிரப்பச் சொல்லிக் கொடுத்த அந்தப் பாரம் இருக்கிறது, தண்ணீர் பட்டு ஒரு மூலை சுருங்கிவிட்டது. நாலு பக்கம், எல்லாவற்றையும் நேற்றே நிரப்பிவிட்டேன், என் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கும். எப்போது நடந்தாள், எப்போது பேசினாள், எதற்குப் பயப்படுகிறாள். பதினாலாவது கேள்வி மட்டும் வெறுமையாக இருக்கிறது. தந்தை வழியிலோ தாய் வழியிலோ இதுபோன்ற இயல்புகள் உடையவர் எவரேனும் உண்டா, இருப்பின் பெயரும் உறவும் எழுதி விவரிக்கவும். விவரிக்கவும் என்று மூன்று கோடு விட்டிருக்கிறார்கள். படத்தோடு சேர்த்து இதையும் இன்றைக்குக் கொடுத்தாக வேண்டும். நேற்று சாயந்தரம் என் நாத்தனார் செல்வநாயகி அண்ணி போன் செய்தார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்றால் நான்தான் சொன்னேன், எனக்கு வாய் நிற்காது என்று உங்களுக்குத் தெரிந்திருக்குமே இந்நேரம். அவர் பெண்ணுக்குத் தை மாசம் நிச்சயம் வைத்திருக்கிறார்கள். நிதானமாகத்தான் பேசினார், திட்டவில்லை. ஆஸ்பத்திரிப் பேப்பர் என்றைக்கும் ஆஸ்பத்திரியிலேயே இருக்காது, மாப்பிள்ளை வீட்டில் ஒரு பொண்ணு நர்ஸு, அதனால் பார்த்து எழுது என்றார். அப்புறம் ஒன்று சொன்னார். "எங்க வழியில அப்பிடி ஒருத்தரும் இல்ல துளசி. உங்க பக்கம் இருந்தா எழுது, இல்லாட்டி இல்லைன்னு எழுது." சரிங்க அண்ணி என்றேன். எங்கள் பக்கம் யாரென்று யோசித்தேன். அப்பா கட்டுச்சேவலோடு பேசுவார், சேவல் பதில் சொல்லாத வரைக்கும் கவலையில்லை. சித்தி ஒருத்தி கோயில் மணி அடித்தால் கூடவே தலையாட்டுவாள். இழுத்துப் பிடித்து எழுதினாலும் ஒரு கோடு கூட நிரம்பாது.

அண்ணி சொன்னபடி ஒருத்தரும் இல்லை என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. இரண்டு வார்த்தை. ஆனால் காலையில் இந்தத் தலைக்கு எண்ணெய் வைத்தது யார். எங்கள் வீட்டுக்காரர்தான். பூபதி. பம்பு கம்பெனியில் டெஸ்டிங்கில் இருக்கிறார். நேற்று இரவு சோறு போடும்போது எண்ணெய் வைக்க வேண்டாம் என்றேன், ம் என்றார். காலையில் எழுந்ததும் சொன்னேன், ம் என்றார். அந்த ம் பொய் இல்லை. ஆனால் அவருக்குக் காலை என்பது ஒரு வரிசை. எழுந்திரிப்பது, பல், ஒரு சொம்பு தண்ணீர், வாசலில் பைக்கைத் துடைப்பது, பிள்ளையை மரப்பலகையில் உட்கார வைத்து உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றி உச்சியில் ஆறு தடவை, பக்கத்துக்கு மூன்று மூன்று தடவை தேய்ப்பது, இரட்டைப் பின்னல், அதற்கப்புறம்தான் டீ. நடுவில் ஒன்றை உருவினால் மற்றதெல்லாம் சரிந்துவிடும். அவர் வேண்டுமென்று வைக்கவில்லை, கை வைத்துவிட்டது. வர்ணியும் உட்கார்ந்து கொடுத்திருப்பாள், பன்னிரண்டு தேய்ப்பு முடியாமல் அவளும் எழுந்திரிக்க மாட்டாள். எப்போதாவது பதினொன்றில் நிறுத்திப் பாருங்கள், படியில நிக்காதே என்று ஆரம்பித்துவிடுவாள். இருவரையும் பார்த்து நான்தான் பல நாள் சிரித்திருக்கிறேன், அப்பனும் மகளும் ஒரே அச்சு என்று. சிரித்துக்கொண்டு சொல்கிறபோது ஒன்றும் தெரியாது. மூன்று கோட்டுக்கு மேலே பேனாவை வைத்தால்தான் தெரிகிறது.

கல்யாணமான புதிதில் அவர் என் முகத்தைப் பார்க்கவே மாட்டார். பேசும்போது என் இடது காதைப் பார்ப்பார். என் கம்மல் பிடித்திருக்கிறது போல என்று நினைத்து கம்மலை மாற்றி மாற்றிப் போட்டேன். ஆறு மாசம் கழித்துத்தான், ஐயோ இவருக்கு என்னைப் பிடிக்கவில்லையோ என்று வெசனம் வந்தது, ஒரு மத்தியானம் முழுக்க அழுதேன், அடுத்த நாள் அவர் என்னிடம், நேத்து உன் நடை வேற மாதிரி சத்தம் போட்டுது, கால் வலியா என்று கேட்டார். மூஞ்சியைப் பார்க்காத மனுஷன் என் நடையின் சத்தத்தைத் தெரிந்து வைத்திருந்தார். கம்பெனியில் அவருக்குச் சைலன்சர் என்று பேர் வைத்திருக்கிறார்கள். பூபதிகிட்ட பேசணும்னா முதல்ல அவனுக்குக் கரண்டு குடுக்கணும்டா என்று கூட வேலை செய்கிற ஒருத்தர் எங்கள் வீட்டு வாசலிலேயே சொல்லிச் சிரித்தார், நானும் சிரித்தேன், அதற்காக இன்றைக்கு வெட்கப்படுகிறேன். அதே ஆட்கள்தான், மோட்டார் ஓடும்போது எங்கோ ஒன்று சரியில்லை, எது என்று தெரியவில்லை என்றால் சைலன்சரைக் கூப்பிடு என்பார்கள். இவர் ஸ்குரூ டிரைவரின் முனையை மோட்டாரில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடுவார். பின்பக்க பேரிங் என்பார். கழற்றிப் பார்த்தால் பின்பக்க பேரிங். ஆயுத பூஜைக்குப் போனபோது என் கண்ணால் பார்த்தேன். கண்ணை மூடியபோது அந்த முகத்தில் ஒன்று வந்தது. எங்கே பார்த்திருக்கிறேன் என்று அன்றைக்குத் தெரியவில்லை, அப்போது வர்ணி பிறக்கவில்லை. கிரைண்டர் மேல் கை வைத்து நிற்கிறாளே, அந்த முகம்.

இப்போது அவர் எங்கே என்கிறீர்களா, கீழே. பைக் நிறுத்துகிற இடத்தில். மாடி ஏறும்போதே, நான் வண்டிகிட்ட இருக்கேன் என்று திரும்பிவிட்டார். போன தடவையும் அப்படித்தான். என் பிள்ளைக்கு இப்படி என்று நாலு பேர் பார்க்கக் கூடாதென்று ஒளிகிறார் என்றுதான் நினைத்தேன், மனசுக்குள் கோபமாகவே வைத்திருந்தேன், மூன்று மாசமாக. நான் சிரித்துக்கொண்டே இருக்கிறவள், என் கோபம் வெளியே தெரியாது, குக்கரில்தான் காட்டுவேன். இங்கே டியூப் லைட் ஒன்று கண்ணடித்துக்கொண்டே இருக்கிறது. பினாயில் வாசம் நெற்றியில் குத்துகிறது. யாரோ ஸ்டூலை இழுக்கிறார்கள், வர்ணி என் துப்பட்டாவைத் தலைவழியே போர்த்திக்கொள்கிறாள். இவள் போர்த்திக்கொண்டால், பாவம், சத்தம் தாங்கவில்லை என்கிறேன். அவர் கீழே போனால், பார் ஒளிகிறார் என்கிறேன். ஒரே மாடி, ஒரே லைட், ஒரே பினாயில். அட துளசிமணி. உன் மூளைக்கு யார் ஒயரிங் பண்ணினார்கள். ஏன், எனக்கும் ஒன்று இருக்கத்தானே வேண்டும். வாயிலிருந்து மூளைக்குப் போகிற ஒயர் எனக்கு இல்லை என்று பள்ளிக்கூடத்தில் ராஜாத்தி டீச்சரே சொல்லியிருக்கிறார், மூன்றாவது பெஞ்சிலிருந்து பிடித்து வந்து கரும்பலகைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, தினமும் வருகைப் பதிவேட்டில் பேர் படிக்கிற வேலையை எனக்குக் கொடுத்தார். அதற்கப்புறம் என் வாயை யாரும் குறையென்று சொல்லவில்லை. எனக்கு ஒருத்தரும் பாரம் நீட்டவில்லை. நிறையப் பேசுகிறவளுக்குப் பேர் கலகலப்பு. பேசாதவருக்குப் பேர் சைலன்சர். வர்ணிக்குப் பேர் நாலு பக்கம்.

எழுதினால் என்ன ஆகும். அவர் பேரை எழுதினால் நாளைக்கு அவரையும் டாக்டரம்மா கூப்பிட்டுக் கேட்பார். முப்பத்திரண்டு வயசு மனுஷனிடம், நீங்களும் உங்கள் மகள் மாதிரிதான் என்று யார் சொல்வது, நான் சொல்வதா. சொன்னால் ம் என்பார். அந்த ம்முக்குப் பின்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதே, நான் ஸ்குரூ டிரைவர் வைத்தா கேட்க முடியும். நம்மால்தான் பிள்ளைக்கு இப்படி ஆனது என்று எடுத்துக்கொண்டால். காலையில் பலகை போட்டு உட்கார வைக்காமல் போய்விட்டால். எழுதாவிட்டால் டாக்டரம்மாவுக்குப் பொய் சொன்ன மாதிரி, வர்ணிக்கும் சேர்த்து. பொய் சொல்லத் தெரியாத பிள்ளையின் பேப்பரில் பொய். பேனா மூடியைக் கடித்துக் கடித்து வாயெல்லாம் பிளாஸ்டிக். தலை, தலை காய்ந்துவிட்டதா. உள்ளே விரல் விட்டால், ஆமாம், காய்ந்துவிட்டது. பஞ்சு மாதிரி. பன்னிரண்டுக்கு ஆறு நிமிஷம். நர்ஸம்மா வந்து தொட்டுப் பார்த்து, விரலை என் முகத்துக்கு நீட்டாமல், வாங்க என்றார். கேள்வியை அப்படியே விட்டு எழுந்தேன்.

உள்ளே அறை சின்னது. கட்டிலில் பச்சை விரிப்பு. நர்ஸம்மா ஒரு பசையைத் தொட்டுத் தொட்டு ஒயரை ஒட்டினார், நாலு வரைக்கும் வர்ணி பொறுத்தாள், நாலையும் பிடுங்கிவிட்டாள். மறுபடி ஒட்டினார். என் மடியில் போட்டு ஆட்டினேன், நான் பேசினேன், பாடினேன், எனக்குத் தெரிந்த நிறுத்தமெல்லாம் வரிசையாகச் சொன்னேன். ஆள் எறங்கணும், ஆள் எறங்கணும் என்று உதறினாள். அத்தனை நேரம் சொக்கிய பிள்ளைக்கு இப்போது கண் கல்லு மாதிரி முழித்திருக்கிறது. தூங்கினால்தாம்மா பிரயோஜனம் என்று நர்ஸம்மா கடிகாரத்தைப் பார்த்தார். வேறு வழியில்லை. கீழே இருக்கிறவருக்குப் போன் போட்டேன். ம் என்றார். ஏனுங்க, மேல வாங்க, என்னால ஆகலை என்றேன். வர மாட்டார் என்று நினைத்தேன். அப்புறம் படியில் செருப்புச் சத்தம் கேட்டது, இரண்டிரண்டு படியாக. தோளில் இருந்த துண்டைத் தலையில் சுற்றிக் காதை மூடியிருந்தார். டியூப் லைட்டை அண்ணாந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். நர்ஸம்மாவிடம், லைட்ட அணைக்கலாமுங்களா என்று மட்டும் கேட்டார். அணைத்ததும் அறையில் ஏதோ ஒன்று நின்ற மாதிரி இருந்தது, அதுவரை இருந்ததே எனக்குத் தெரியவில்லை. கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வர்ணியின் உள்ளங்கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டார். வாயை மூடிக்கொண்டு ஒரு சத்தம். வீட்டில் இவளைத் தூங்க வைக்கும்போது அவர் போடுகிற சத்தம்தான் அது. பாட்டு இல்லை. குறை ஒன்றும் இல்லாத மோட்டார் ஓடுகிற சத்தம். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. வர்ணி கையை எடுக்கவில்லை. நர்ஸம்மா ஒவ்வொரு ஒயராக ஒட்டினார், ஐந்து, எட்டு, பன்னிரண்டு. உள்ள போ, உள்ள போ என்று வர்ணி முனகினாள். அவர் தலையில் இருந்த துண்டை அவிழ்த்து அவள் காலை இறுக்கிச் சுற்றினார். தூங்கிவிட்டாள். மிஷின் ஓட ஆரம்பித்தது, கம்ப்யூட்டரில் கோடு கோடாக ஓடியது. என் மகள் உள்ளே ஓடுகிறாள். என்னால் ஒன்றும் படிக்க முடியவில்லை. அழகாக இருந்தது.

அரை மணி நேரம் அசையக் கூடாது என்றார் நர்ஸம்மா. எங்கள் வீட்டுக்காரர் தரையில், வர்ணியின் கை அவர் தொண்டையில். நான் ஸ்டூலில், மடியில் பாரம், பதினாலாவது கேள்வி மேலே பார்க்கிற மாதிரி. அவர் பார்வை அதில் விழுந்ததை நான் பார்த்தேன். மடிக்கலாமா என்று நினைத்தேன், கை மடிக்கவில்லை. அவர் எதைப் படித்தாலும் இரண்டு தடவை படிப்பார், மருந்துச் சீட்டானாலும் பஸ் டிக்கெட்டானாலும். இரண்டு தடவை படித்தார். சத்தத்தை நிறுத்தினால் பிள்ளை எழுந்துவிடுமோ என்று, மெல்ல மெல்லக் குறைத்து, அது தானாக ஓடி நிற்கிற மாதிரி நிறுத்தினார். வர்ணி அசையவில்லை. அக்கா போன் பண்ணினாளா என்றார். பண்ணினாங்க என்றேன். என்ன சொன்னாங்க என்று அவர் கேட்கவில்லை, தெரிந்திருக்கும். ஏதாவது வேடிக்கையாகப் பேசிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அவர்தான் பேசினார், கிசுகிசுப்பாக, என் இடது காதைப் பார்த்துக்கொண்டு. "அந்த லைட்டு சத்தம் போடுது துளசி. சின்னதுல இருந்து எனக்குக் கேக்கும். எல்லாருக்கும் கேக்கும், எல்லாரும் பொறுத்துக்கறாங்க, எனக்குத்தான் பொறுமையில்லைன்னு நெனச்சுட்டு இருந்தேன்." அவ்வளவு நீளமாக அவர் பேசி எத்தனை வருஷம் இருக்கும். அண்ணி, தை மாசம், நிச்சயம் என்று நான் ஆரம்பிக்கப் பார்த்தேன். அவர் தொண்டையில் இருந்த சின்ன விரல்களைத் தொந்தரவு செய்யாமல், மற்றக் கையால் பாரத்தைத் தொட்டு, வெறுமையாக இருந்த மூன்று கோட்டில் முதல் கோட்டைக் காட்டினார்.

"இங்க எம் பேரை எழுது. காலைல எண்ணெய் வெச்சதையும் விடாம எழுது."